டிடிபி மேசை, கணக்குப் பிரிவு, வகுப்பறை: அங்கிருந்து டிசைன், மார்க்கெட்டிங் தலைமைக்குப் போவது எப்படி

பி.காம். முடித்துக் கணக்குப் பிரிவில் இருப்பவர், அச்சகத்தில் டிடிபி செய்பவர், திருப்பூர் ஏற்றுமதி நிறுவனத்தில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர், மெட்ரிக் பள்ளி ஆசிரியை, குழந்தை பிறந்தபின் நாலைந்து வருடம் வீட்டிலிருந்துவிட்டு மறுபடி வேலை தேடுபவர். இந்தப் பெண்களில் ஒருவர் ஒரு நிறுவனத்தின் டிசைனையும் மார்க்கெட்டிங்கையும் நடத்தும் இடத்துக்குப் போக என்னென்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறோம். வாரத்துக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் ஒதுக்க முடிந்தால், முதல் வேலை மாற்றத்துக்கு ஒன்றரை வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைமைப் பொறுப்புக்கு அதன்பின் மூன்று நான்கு வருடம் ஆகலாம். ஆறே மாதத்தில் ஆக்கிக்காட்டுகிறோம் என்று சொல்லும் கோர்ஸ்களுக்குப் பணம் கட்ட வேண்டாம்.

வேறு வாசல் வழியாக இந்தத் துறைக்கு வந்த பெண்கள் முன்பே இருக்கிறார்கள். 1980களின் தொடக்கத்தில் ஆப்பிளின் மேக்கிண்டாஷ் கணினிக்கு ஐகான் வரைந்த சூசன் கேர் நுண்கலையில் முனைவர் பட்டம் பெற்றவர், சிற்பம் செய்துகொண்டிருந்தவர். கணினித் துறையை அறியாதவர். 32-க்கு 32 கட்டத்துக்குள் ஒரு படத்தை அடக்க வேண்டும் என்றபோது, மொசைக்கிலும் பூத்தையலிலும் பழகிய கண் அவருக்குக் கைகொடுத்தது. பின்னாளில் நெக்ஸ்ட் என்ற கணினி நிறுவனத்தில் கிரியேட்டிவ் டைரக்டர் ஆனார். பிரிட்டனின் ஃபியோனா ராஸ் மொழிகள் படித்தவர். 1978-இல் லைனோடைப் என்ற அச்செழுத்து நிறுவனத்தில் சேர்ந்து, ரோமன் (ஆங்கில வகை) அல்லாத எழுத்துருக்களின் பிரிவை நடத்தினார். கொல்கத்தாவின் ஆனந்தபஜார் பத்திரிகாவுக்கான வங்க எழுத்துரு அந்தக் காலத்து வேலை. எழுத்தை வரையும் கலைஞரோடு உட்கார்ந்து பேச, அந்த மொழியின் எழுத்து மரபு தெரிந்த ஒருவர் அங்கே தேவைப்பட்டார். இருவரும் பழைய படிப்பைக் கழற்றி வைத்துவிட்டு வரவில்லை. அதைக் கையில் எடுத்துக்கொண்டே வந்தார்கள். கீழே சொல்லும் எல்லாமே இதையொட்டித்தான்.

முதலில், அந்த நாற்காலியில் என்ன வேலை

வெளியிலிருந்து பார்த்தால் தலைமை டிசைனர் என்றால் எல்லோரையும்விட நன்றாக வரைபவர் என்று தோன்றும். நடைமுறையில் அவருடைய நாள் நான்கு விஷயங்களில் போகிறது. யாரிடம் என்ன சொல்வது என்று முடிவு செய்வது, அதைச் செய்யக்கூடிய ஆட்களிடம் தெளிவாக எழுதிக் கொடுப்பது, எவ்வளவு பணம் எங்கே போகிறது என்று பார்ப்பது, வந்த பலனை முதலாளிக்குப் புரியும் மொழியில் சொல்வது. இந்த நான்கில் மென்பொருள் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். மென்பொருள் தெரியாமல் உள்ளே போக முடியாது. ஆனால் அதை மட்டும் தெரிந்துகொண்டவர் பத்து வருடம் ஆனாலும் அதே மேசையில்தான் இருப்பார்.

ஆகவே முதல் வேலை, இப்போதைய வேலையில் இந்த நான்கில் எதை ஏற்கெனவே செய்கிறீர்கள் என்று எழுதிப் பார்ப்பது. ஒரு தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் கடந்த ஒரு மாதத்தில் செய்த காரியங்களை அப்படியே எழுதுங்கள். வலப்பக்கம் அதற்கு மார்க்கெட்டிங் பிரிவில் என்ன பெயர் என்று எழுதுங்கள்.

மெர்ச்சண்டைசருக்கு இது எளிது. பையர் அனுப்பும் டெக் பேக்கை (ஆடையின் விவரக் கோப்பை) படித்து, லேப் டிப் (சாயமிட்ட துணி மாதிரி) அப்ரூவல் வாங்கி, சாம்பிள் அனுப்பி, எந்த வேலை எந்தத் தேதிக்குள் என்று சொல்லும் டி அண்ட் ஏ அட்டவணைப்படி ஷிப்மென்ட்டைத் தள்ளுவது முழுக்க முழுக்க புராஜெக்ட் நடத்தும் வேலை. இதே ஒழுங்கோடு ஒரு கேம்பெய்னை நடத்தத் தெரிந்தவர்கள் விளம்பர ஏஜென்சிகளிலேயே அரிது. கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு எந்தப் பொருளில் எவ்வளவு லாபம் நிற்கிறது, எந்தக் கடைக்காரர் திரும்பத் திரும்ப வாங்குகிறார் என்பது பில் புத்தகத்திலேயே தெரியும். டிசைன் படித்தவருக்கு இது தெரிய வருடங்கள் ஆகும். ஆசிரியைக்குக் கடினமான ஒன்றை எளிதாகச் சொல்லவும், ஒருவரின் வேலையை அவர் மனம் ஒடியாமல் திருத்தவும் தெரியும். கால் சென்டரிலோ மருத்துவமனை வரவேற்பிலோ இருந்தவருக்கு, வாடிக்கையாளர் எந்தச் சொல்லில் புகார் செய்கிறார் என்பது காதில் இருக்கிறது. விளம்பர வரி எழுத அதைவிட நல்ல சரக்கு கிடையாது. டிடிபி செய்பவர் அச்சின் நெளிவு சுளிவு எல்லாம் அறிந்தவர். அவருக்குக் குறைவது, ‘ஏன் இப்படி?’ என்று கேட்கும் உரிமை தனக்கு உண்டு என்ற எண்ணம் மட்டும்தான்.

முதல் ஆறு மாதம்: கண்ணும் கையும்

ஓவியம் வரையத் தெரிய வேண்டும் என்ற பயத்தை விட்டுவிடுங்கள். தேவைப்படுவது எழுத்து, இடைவெளி, நிறம், வரிசை இந்த நான்கையும் பார்க்கும் கண். அதற்கு ஒரு பயிற்சி: தெருவில் கிடைக்கும் நோட்டீஸ்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஜவுளிக்கடை, டியூஷன் சென்டர், கல்யாண மண்டபம், எதுவானாலும் சரி. ஒவ்வொன்றையும் அதே அளவில், அதே சொற்களோடு, ஒரே ஒரு எழுத்துருவும் இரண்டு நிறமும் மட்டும் வைத்து மறுபடி அமையுங்கள். முதலில் எதைப் படிக்க வேண்டும், இரண்டாவது எது, மூன்றாவது எது என்று எண் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். பத்து அடி தள்ளி நின்று பார்த்தால் ஒன்றாம் எண் மட்டும் தெரிய வேண்டும். வாரத்துக்கு ஒன்று போதும். ஆறு மாதத்தில் இருபத்தைந்து ஆகிவிடும். முதலாவதையும் கடைசியையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

மென்பொருளில் இரண்டு போதும். திரைக்கு ஃபிக்மா. அச்சுக்கு இல்லஸ்ட்ரேட்டர் அல்லது கோரல்டிரா. தமிழ்நாட்டு அச்சகங்களில் கோரல்டிராவே அதிகம் புழங்குவதால் அதைத் திறந்து திருத்தவாவது தெரிந்திருப்பது நல்லது. பணம் இல்லையென்றால் இங்க்ஸ்கேப்பும் ஸ்கிரைபஸும் இலவசம். கேன்வா வேகமான வேலைக்கு உதவும். ஆனால் அதன் டெம்ப்ளேட்டில் செய்ததைப் போர்ட்ஃபோலியோவில் (செய்த வேலைகளின் தொகுப்பில்) வைத்தால், அதே டெம்ப்ளேட்டை நேர்காணல் செய்பவர் வேறு நான்கு பேரிடமும் பார்த்திருப்பார்.

தமிழ் எழுத்தை ஒழுங்காக அமைக்கத் தெரிவது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பெரிய ஊர்களின் டிசைனர்கள் பலர் ஆங்கிலத்தில் அழகாக அமைத்துவிட்டு, தமிழ் வந்ததும் சொதப்புகிறார்கள். இங்கே தேர்ந்தவராக இருந்தால், பட்டம் இல்லாமலேயே உங்களுக்கு ஓர் இடம் கிடைக்கும்.

பழைய பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தவை. அதில் அடித்ததை வாட்ஸ்அப்பிலோ இணையதளத்திலோ ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக வரும். தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோட், டேஸ்16 என்ற இரண்டு எழுத்துக் குறியீட்டு முறைகளையும் ஏற்றுக்கொண்டு ஆணையிட்டது. புதிய வேலை எதையும் யூனிகோடிலேயே தொடங்குங்கள். பழைய கோப்புகளை எழுத்துருமாற்றியில் போட்டு மாற்றியபின் ஒருவர் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தே ஆக வேண்டும். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ‘ஔ’, கிரந்த எழுத்துகள் ஆகியவற்றில்தான் பிழை ஒளிந்திருக்கும்.

அடோபி மென்பொருட்களில் தமிழ் உடைந்து வந்தால், பெரும்பாலும் குற்றம் எழுத்துருவில் இல்லை. இன்டிசைனில் பத்தி அமைப்புப் பட்டியலில் வேர்ல்டு ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஃபோட்டோஷாப்பில் விருப்பத்தேர்வுகளின் எழுத்துப் பகுதியில் வேர்ல்டு ரெடி அமைப்பு. இல்லஸ்ட்ரேட்டரில் அதே இடத்தில் இந்திய மொழித் தேர்வுகளைக் காட்டும்படி இயக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் ‘கொ’வில் கொம்பும் காலும் இடம் மாறி, நடுவே புள்ளி வட்டத்தோடு நிற்கும். இதை அறியாமல் எழுத்தைப் படமாக ஒட்டி வேலையை முடிப்பவர்கள் உண்டு. அடுத்த முறை விலை மாறும்போது முழுவதையும் முதலிலிருந்து செய்ய வேண்டிவரும்.

வரி இடைவெளி: ஆங்கிலத்துக்கு எழுத்து அளவில் 120 சதவீதம் போதும். தமிழில் மேலே விசிறியும் கீழே உகரச் சுழியும் இருப்பதால் 140 முதல் 150 வரை வைத்தால்தான் வரிகள் ஒன்றோடொன்று இடிக்காது. எழுத்துகளுக்கு இடையே செயற்கையாக இடைவெளி கூட்ட வேண்டாம். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் எனச் சிதறும். தமிழ்ச் சொற்கள் நீளம். குறுகிய பத்தியில் இரு ஓரமும் சீராக்கினால் நடுவே ஆறு ஓடுவதுபோல வெள்ளை விழும். இடப்பக்கம் மட்டும் சீராக்குங்கள். தலைப்பில் ‘விற்பனைக்குள்ளாக்கப்பட்டுள்ளது’ மாதிரி சொல் வந்தால் எழுத்தளவைக் குறைக்காதீர்கள், சொல்லை மாற்றுங்கள். இலவசமாக, வணிகத்துக்கும் பயன்படுத்தக்கூடிய திறந்த உரிமத்தில் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேடமரன், பாலூ தம்பி போன்றவை கூகுள் ஃபான்ட்ஸில் கிடைக்கின்றன. எங்கிருந்தோ இறக்கிய எழுத்துருவைப் பெட்டியில் அச்சிட்டுவிட்டு உரிமச் சிக்கலில் மாட்ட வேண்டாம்.

அச்சகத்தில் பணம் வீணாகும் இடங்கள்

ஓரத்தில் 3 மி.மீ. பிளீட் (வெட்டுக் கோட்டுக்கு வெளியே நீளும் கூடுதல் பகுதி) விடாததுதான் முதல் தவறு. ஏ4 என்றால் 210-க்கு 297; கோப்பு 216-க்கு 303 மி.மீ. இருக்க வேண்டும். எழுத்து எதுவும் வெட்டு ஓரத்திலிருந்து 5 மி.மீ. உள்ளே நிற்கட்டும். படங்கள் அச்சிடும் அளவிலேயே 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி).

இரண்டாவது, கறுப்பு. திரைக்கான ஆர்ஜிபி கோப்பை ஃபோட்டோஷாப்பின் இயல்பான அமைப்பில் அச்சுக்கான சிஎம்ஒய்கே ஆக்கினால் கறுப்பு 75, 68, 67, 90 சதவீதம் என்று நான்கு மையும் கலந்து வரும். சின்ன எழுத்துக்கு இது ஆபத்து. நான்கு மைக்கான அச்சுத் தகடுகள் இம்மியளவு விலகினாலும் எழுத்தைச் சுற்றி நிற நிழல் தெரியும். உடல் எழுத்து எப்போதும் தனிக் கறுப்பு 100 மட்டும்.

மூன்றாவது, திரையில் ஜொலித்த மயில் நீலமும் ராணி கலர் பிங்க்கும் தாளில் மங்குவது. நான்கு மையால் அந்த நிறங்களைத் தர முடியாது. முன்கூட்டியே ப்ரூஃப் (மாதிரி அச்சு) எடுத்து, முதலாளியைக் காகிதத்தில் பார்த்து ஒப்புக்கொள்ள வையுங்கள். மூன்று மடிப்புப் பிரசுரத்தில் உள்ளே மடியும் பக்கம் சற்றுக் குறுகலாக இருக்க வேண்டும்: 297-ஐ 100, 100, 97 என்று பிரியுங்கள். 99 எனச் சமமாகப் பிரித்தால் உள்மடிப்பு முட்டிக்கொண்டு புடைக்கும்.

ஆஃப்செட்டில் தகடும் மெஷின் செட்டிங்கும் நிலையான செலவு. அதனால் 500-க்கும் 1000-க்கும் விலை வித்தியாசம் குறைவாகவே இருக்கும். சில நூறு பிரதிக்குக் கீழ் என்றால் டிஜிட்டல் பிரஸ்தான் மலிவு. இரண்டுக்கும் கொட்டேஷன் வாங்குங்கள். கோப்பு அனுப்பும்போது எழுத்தையெல்லாம் கர்வ்ஸாக (எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவமாக) மாற்றிய பிரதி ஒன்று, திருத்தக்கூடிய பிரதி ஒன்று என இரண்டாகச் சேமியுங்கள். அச்சகத்துக்கு முதலாவது மட்டும் போகட்டும்.

உணவுப் பொருள் பெட்டி என்றால் டிசைனுக்கு முன் சட்டப்படி இருக்க வேண்டியதை ஒரு பட்டியலாக ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள்: 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு உரிம) எண், சதுரத்துக்குள் பச்சை வட்டம் (அசைவத்துக்குப் பழுப்பு முக்கோணம்), நிகர எடை, எம்ஆர்பி, தயாரித்த தேதி, முகவரி, நுகர்வோர் தொடர்பு எண் போன்றவை. இவற்றுக்கான இடத்தை முதலில் ஒதுக்கிவிட்டு மீதியில் அழகு பாருங்கள். கடைசியில் நெருக்கினால், பத்தாயிரம் பெட்டி மேல் ஸ்டிக்கர் ஒட்டும் நிலை வரும்.

மார்க்கெட்டிங் கணக்கு

டிசைனர் பலர் பின்வாங்கும் இடம் இது. கணக்குப் பிரிவிலிருந்து வருபவர் முந்திப்போகும் இடமும் இதுவே.

ஒரு மாதிரிக் கணக்கு. வீட்டுமுறை மசாலா விற்கும் கடை, விளம்பரத்துக்கு ரூ.20,000 செலவழிக்கிறது. 400 பேர் விசாரித்தார்கள், 40 பேர் வாங்கினார்கள். ஒரு விசாரணைக்கு ரூ.50, ஒரு வாடிக்கையாளருக்கு ரூ.500. சராசரி ஆர்டர் ரூ.900. சரக்குச் செலவு 400, பேக்கிங்கும் கூரியரும் 120. நிற்பது 380. ஆக, புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் ரூ.120 நஷ்டம். இந்த இடத்தில் பெரும்பாலோர் ‘விளம்பரம் வேலைக்காகாது’ என்று நிறுத்திவிடுகிறார்கள். பில் புத்தகத்தை ஃபோன் எண் வாரியாக வரிசைப்படுத்திப் பாருங்கள். அந்த 40 பேரில் 20 பேர் வருடத்துக்குள் இன்னும் இரண்டு முறை வாங்கினால் மொத்தம் 80 ஆர்டர், 30,400 ரூபாய். செலவு போக 10,400 கையில். இந்தக் கணக்கை ஒரே பக்கத்தில் போட்டு முதலாளி முன் வைப்பவரைத்தான் அடுத்த மாதம் விளம்பரத் தொகை பற்றிப் பேசக் கூப்பிடுவார்கள்.

கூகுள், மெட்டா விளம்பரத்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. விளம்பரக் கணக்கில் நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண்ணைப் பதிந்திருந்தால்தான் அதை உள்ளீட்டு வரவாக (கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வதாக) எடுக்க முடியும். யாரோ ஒருவரின் சொந்தக் கிரெடிட் கார்டில், எண்ணே பதியாமல் விளம்பரம் ஓடிக்கொண்டிருப்பது சிறு நிறுவனங்களில் சகஜம். சேர்ந்த முதல் வாரத்திலேயே இதைச் சரிசெய்யலாம். கேஷ் ஆன் டெலிவரியில் திரும்பிவரும் பார்சலுக்கு இரு வழிக் கூரியர் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். இல்லாவிட்டால் லாபமாகத் தெரிவது நஷ்டமாக இருக்கும்.

எந்த விளம்பரம் ஆளைக் கொண்டுவந்தது என்று தெரிய, இணைப்புகளில் யுடிஎம் குறி சேருங்கள். நாளிதழ் நோட்டீஸுக்கும் பஸ் ஸ்டாண்டு பேனருக்கும் தனித்தனித் தள்ளுபடிக் குறியீடு கொடுங்கள். ஃபோனில் விசாரிப்பவரிடம் ‘எங்களைப் பத்தி எப்படித் தெரிஞ்சுது?’ என்று கேட்டு ஒரு பத்தியில் குறிக்க வையுங்கள். சோதனை செய்யும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். படத்தையும் வரியையும் விலையையும் ஒன்றாக மாற்றிவிட்டால் எது வேலை செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஐந்து ஆர்டருக்கும் மூன்று ஆர்டருக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து எதையும் தீர்மானிக்க வேண்டாம்; அது தற்செயல்.

போர்ட்ஃபோலியோ: நான்கு போதும்

இருபது லோகோக்களை வரிசையாக வைத்தால் ஆபரேட்டர் வேலைக்குத்தான் அழைப்பு வரும். தலைமையை நோக்கிப் போகிறவருக்கு நான்கு வேலைகள், ஒவ்வொன்றும் ஆறு முதல் எட்டுப் பக்கம். ஒவ்வொன்றிலும் இந்த வரிசை இருக்கட்டும்: பிரச்சினை ஒரே வரியில், பணம், நேரம், வேறு கட்டுப்பாடுகள், யோசித்துக் கைவிட்ட இரண்டு வழிகளும் கைவிட்டதன் காரணமும், செய்தது, கிடைத்த எண், இதில் உங்கள் பங்கு எது, மற்றவர்கள் பங்கு எது. கைவிட்ட வழிகளைக் காட்டும் பக்கத்தைத்தான் நேர்காணல் செய்பவர் அதிக நேரம் பார்ப்பார். பலரும் அதையே விட்டுவிடுகிறார்கள்.

இந்த நான்கையும் எங்கே தேடுவது? இப்போதைய வேலையிடத்திலேயே. யாரும் கவனிக்காத விலைப்பட்டியல், வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாக், பள்ளியின் சேர்க்கைப் படிவம், கோவை கொடிசியா கண்காட்சி வளாகத்தில் போடப்போகும் ஸ்டால், தீபாவளி போனஸோடு போகும் வாழ்த்து அட்டை. ‘நான் செய்து பார்க்கட்டுமா?’ என்று கேட்டால் மறுக்க யாருக்கும் காரணமிருக்காது. தொடங்குவதற்கு முன் பழைய எண்ணை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: மாதத்துக்கு எத்தனை விசாரணை வந்தது, படிவத்தில் எத்தனை பேர் பிழையாக நிரப்பினார்கள், விலை கேட்டு எத்தனை ஃபோன். பழைய எண் இல்லாவிட்டால் புதிய எண்ணுக்குப் பொருளில்லை. இதுவே மிக அதிகமாக நடக்கும் தவறு. பின்னால் சரிசெய்யவும் முடியாது.

ஸ்டால் வேலை கிடைத்தால் விடாதீர்கள். 3 மீட்டருக்கு 3 மீட்டர் இடத்தில் எழுத்து, நிறம், ஆள் நடமாட்டம், செலவு, விசாரணை எண்ணிக்கை எல்லாமே ஒன்றாக வரும். பத்து அடி தூரத்திலிருந்து வசதியாகப் படிக்க எழுத்து ஒரு அங்குலம் உயரம் வேண்டும் என்பது பொதுக் கணக்கு. தமிழில் அந்த ஒரு அங்குலத்தை ‘க’வின் உயரமாக எடுங்கள்; ‘கீ’யின் மேல் விசிறியையும் சேர்த்து அளந்தால் எழுத்து சிறுத்துப்போகும். பின்சுவரில் இடுப்புக்குக் கீழே எதையும் எழுத வேண்டாம், மேசை மறைத்துவிடும்.

நிறுவனத்தின் ரகசிய எண்களைக் காட்டாதீர்கள். ‘விசாரணை ஒன்றரை மடங்கானது’ என்று விகிதமாகச் சொல்லலாம். வேலையை வெளியே காட்ட மின்னஞ்சலில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். பிடிஎஃப் 10 எம்பிக்குள் இருக்கட்டும். ஃபோனில் திறந்து பார்ப்பார்கள்.

நகர்வது

உள்ளேயே நகர முடிந்தால் அதுதான் குறுக்கு வழி. உங்கள் நேர்மையும் வேலை முடிக்கும் பழக்கமும் அங்கே ஏற்கெனவே தெரியும். ஆறு மாதம் இரண்டு வேலையையும் செய்துவிட்டு, கையில் எண்களோடு பதவி மாற்றம் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள்: பதவியின் பெயர், யாரிடம் ரிப்போர்ட் செய்வது, பழைய வேலை யாரிடம் போகும், எந்தத் தேதியிலிருந்து. மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாமல் ஒப்புக்கொண்டால், வருடக்கணக்கில் இரண்டு வேலையையும் ஒரே சம்பளத்துக்குச் செய்துகொண்டிருப்பீர்கள். பெண்கள் விஷயத்தில் இது அளவுக்கு மேல் நடக்கிறது.

வெளியே போவதென்றால், பெரிய ஏஜென்சியைவிட ஐம்பது முதல் இருநூறு பேர் உள்ள உற்பத்தி நிறுவனம், மருத்துவமனை, கல்விக்குழுமம், ஜவுளி பிராண்டு ஆகியவற்றைப் பாருங்கள். அங்கே டிசைனையும் மார்க்கெட்டிங்கையும் ஒருவரே பார்க்க வேண்டியிருக்கும். இரண்டும் சேர்ந்து கற்றுக்கொள்ள அதுதான் இடம்.

இடைவெளி இருந்தால் ரெஸ்யூமேயில் ஒரே வரியில், வருடத்தோடு எழுதிவிடுங்கள். ‘2019–2022: குழந்தை வளர்ப்பு’ என்பது போதும். விளக்கமோ மன்னிப்போ வேண்டாம். மறைத்தால், நேர்காணலின் பாதி நேரம் அதைத் தோண்டுவதிலேயே போகும். கல்யாணம், அடுத்த குழந்தை பற்றிக் கேட்டால், ‘இந்த வேலைக்கு என்ன நேரம் தேவை என்று சொல்லுங்கள், அதற்கு நான் தயாரா என்று சொல்கிறேன்’ என்று வேலையின் பக்கம் திருப்புங்கள்.

சோதனை வேலை கொடுத்தால் மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் செலவிட வேண்டாம். முழுக் கேம்பெய்னை இலவசமாகக் கேட்பவர்களிடம், அணுகுமுறையை இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்து, மீதியைக் கட்டணத்துக்குச் செய்வதாகச் சொல்லலாம். சம்பளப் பேச்சில் பழைய சம்பளத்தை அடிப்படையாக்கவிடாதீர்கள். வேறு துறையிலிருந்து வருபவருக்கு அது எப்போதும் குறைத்தே மதிப்பிடும். இந்தப் பதவிக்கு ஒதுக்கியிருக்கும் தொகை என்ன என்று முதலில் அவர்களைச் சொல்ல வையுங்கள்.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகு

முதல் மாதம் எதையும் மாற்ற வேண்டாம், முக்கியமாக லோகோவை. விற்பனை ஆட்களோடு நான்கு நாள் கடைகளுக்குப் போங்கள், வாடிக்கையாளர் அழைப்புகளைக் கேளுங்கள், போன வருடத்தின் எல்லா மார்க்கெட்டிங் பில்லையும் எடுத்து வகைவாரியாகக் கூட்டுங்கள். எங்கே பணம் ஒழுகுகிறது என்பது அந்தக் கூட்டலிலேயே தெரிந்துவிடும்.

பிறகு ப்ரீஃப், அதாவது வேலைக் குறிப்பு. ஒவ்வொரு வேலைக்கும் ஒரே பக்கம், ஐந்து கேள்வி: யாருக்கு, அவர் இப்போது என்ன நினைக்கிறார், பார்த்தபின் என்ன செய்ய வேண்டும், கட்டாயம் இருக்க வேண்டியவை, கடைசியாக ஒப்புதல் கொடுக்கும் ஒரே ஆள் யார். ஐந்தாவதில் இரண்டு பெயர் இருந்தால் வேலையைத் தொடங்காதீர்கள். டிசைனர் பன்னிரண்டு முறை திருத்துவதன் காரணம் பெரும்பாலும் அவருடைய திறமைக் குறைவு அல்ல. முதலாளி ஒன்று சொல்ல, அவர் தம்பி வேறொன்று சொல்வதுதான்.

டிசைனைப் பார்க்கும்போது ‘பிடிக்கல’ என்ற சொல்லைக் கூட்டத்திலிருந்தே எடுத்துவிடுங்கள். ப்ரீஃபைக் கையில் வைத்துக்கொண்டு, ‘விலை இரண்டாவதா கண்ணுல படணும்னு எழுதியிருக்கோம், இதுல நாலாவதா படுது’ என்று சொன்னால் யாருக்கும் முகம் சுருங்காது. வயதில் மூத்த ஆண்களிடம் வேலை வாங்கும்போது மரியாதையும் உறுதியும் ஒரே வாக்கியத்தில் இருக்கலாம்: ‘அண்ணா, ப்ரூஃப்ல நான் கையெழுத்துப் போட்டப்புறம் பிளேட் போடுங்க, அதுக்கு முன்னாடி வேண்டாம்.’ அதை ஒரு முறைகூடத் தளர்த்தக் கூடாது.

வருட அட்டவணையைப் பின்னாலிருந்து எழுதுங்கள். ஆடித் தள்ளுபடி, ஆயுத பூஜை, தீபாவளி, பொங்கல், ஏப்ரல் 14, ஜூன் பள்ளித் திறப்பு. தீபாவளிக்கு நான்கு மாதம் முன்பே தொகை ஒதுக்கீடு முடிந்திருக்க வேண்டும். சிவகாசியில் ஆடிப்பெருக்கன்றே அடுத்த வருடக் காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவது வழக்கம். அதற்குப் பிறகு அங்கே மெஷின் நேரம் கிடைப்பது சிரமம், அவசரத்துக்குக் கூடுதல் விலையும் கொடுக்க வேண்டிவரும். காலண்டர் அடிக்கும் நிறுவனம் என்றால் ஜூலையிலேயே டிசைன் முடிந்தாக வேண்டும்.

விளம்பர வாசகத்தில் ‘நம்பர் 1’, ‘100 சதவீதம் குணமாகும்’ போன்றவற்றைக் கையில் ஆதாரம் இல்லாமல் விடாதீர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்க முடியும். புதுப் பெயர் வைக்கும்போது டிரேட்மார்க் பதிவகத்தின் தளத்தில் தேடிய பின்பே பெட்டி அடியுங்கள். ஆடைக்கு 25-ஆம் வகுப்பு, மசாலா, காபிக்கு 30. தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் ஒரு வகுப்புக்கு ரூ.4,500, மற்றவர்களுக்கு ரூ.9,000.

ஷூட்டிங், கண்காட்சி, வெளியூர்ப் பயணம் என்று உங்கள் குழுவின் பெண்கள் போகும் இடமெல்லாம், நிறுவனம் ஏற்பாடு செய்யும் வண்டி உட்பட, 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின்படி பணியிடமே. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். இருக்கிறதா, அதன் உறுப்பினர் யார் என்பதைக் குழுவில் எல்லோருக்கும் தெரியப்படுத்துங்கள். இரவு படப்பிடிப்பு என்றால் வீடு சேரும் வண்டிச் செலவை முதல் பட்ஜெட்டிலேயே எழுதுங்கள். கடைசியில் கேட்டால் கிடைக்காது.

ஃப்ரீலான்சரிடம் வேலை வாங்கும்போது எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். ஊழியர் வேலையின் பகுதியாகச் செய்ததன் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, நிறுவனத்துக்கு. ஃப்ரீலான்சர் செய்த லோகோவுக்கோ வாசகத்துக்கோ அப்படித் தானாக வந்துவிடாது. எழுத்து மூலம் மாற்றித் தர வேண்டும். அந்த எழுத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்று 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் எடுத்துக்கொள்ளும். சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் சரக்கு அனுப்பும் நிறுவனத்துக்கு இது சின்ன விஷயமில்லை. ஒப்பந்தத்தில் காலம், நாடு, தொகை, எத்தனை முறை திருத்தம், மூலக் கோப்பு யாரிடம், எத்தனை நாளில் பணம், அவர் அதைத் தன் போர்ட்ஃபோலியோவில் காட்டலாமா என்ற ஏழும் இருக்கட்டும். கடைசி ஒன்றுக்கு ‘சரி’ என்றே எழுதுங்கள். அவரும் அடுத்த படிக்கு ஏற நான்கு வேலைகளைக் காட்ட வேண்டியவர்தான்.